அரூர் பக்கம் உள்ளூர் உணவுச் சந்தை: கடைக்கு முன்னால் மில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அரூர் தாலுகாவில் சில விவசாயிகளும், வெளியூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய சில இளைஞர்களும் சேர்ந்து ஒரு குழுவாகியிருக்கிறீர்கள். நம் மண்ணில் விளைவதை நம் ஊர் மக்களே சாப்பிட வேண்டும், சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசு ஊருக்குள்ளேயே சுற்ற வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அதற்கு முதல் வேலையாக பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சந்தை, பாக்கெட்டில் அச்சடிக்க ஒரு பெயர். இது சரியான தொடக்கமா என்பது கேள்வி.

எண்ணம் நல்லது, வரிசைதான் தலைகீழ். கடையை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். முதலில் ஒரு சின்ன மில், ஒரு சேமிப்பு அறை, தினமும் வாங்கும் பத்துப் பதினைந்து வாடிக்கைகள், அறுவடை நேரத்தில் கையில் ரொக்கம். இந்த நான்கும் இருந்தால் கடை தானாக வரும். இவை இல்லாத கடையில் ஆறு மாதத்தில் அலமாரியில் தேன் பாட்டிலும் சோப்புக் கட்டியும்தான் மிஞ்சும். அப்படி மூடிய கடைகள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஒன்று உண்டு.

உங்கள் பக்கம் விளைச்சலுக்குப் பஞ்சமில்லை. ராகி, சாமை, நிலக்கடலை, துவரை, அவரை, தக்காளி, மரவள்ளி, புளி எல்லாம் இருக்கிறது. சாப்பிடும் வாய்களுக்கும் குறைவில்லை. களியும் கீரைக் கடைசலும் இன்னும் வீட்டுச் சாப்பாடாக இருக்கும் மாவட்டம் தருமபுரி. வயலுக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்க வேண்டியதுதான் காணாமல் போயிருக்கிறது. சித்தேரி மலையிலிருந்து இறங்கும் சாமையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் வியாபாரி எடை போட்டு லாரி ஏற்றுகிறார். தமிழ்நாட்டு மலைச் சாமை மகாராஷ்டிரத்தின் நாசிக் ஆலைகள் வரை போய், உமி நீங்கி, அரை கிலோ பாக்கெட்டில் அரிசியாகத் திரும்பி வருவது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. விளைவித்தவர் வீட்டில் அதே நேரத்தில் ரேஷன் அரிசி வேகிறது. அவர் சோம்பேறி என்பதால் அல்ல. சாமையை உரலில் குத்திப் புடைத்து அரிசியாக்க வீட்டுப் பெண்கள் அரை நாள் இடுப்பொடிய வேண்டும். இலவச அரிசி அந்த அரை நாளை மிச்சம் பிடித்துக் கொடுத்தது. யார் வேண்டாம் என்பார்கள்? கொல்லிமலையில் சாமை, தினை நிலமெல்லாம் மரவள்ளிக்குப் போனதற்கு ஜவ்வரிசி ஆலைகளின் பணம் ஒரு காரணம், இந்தக் குத்தும் வேலை இன்னொரு காரணம். அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களை மீட்கப் போனபோது, விதையோடு சேர்த்து உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களுக்குள் கொண்டுபோனது அதனால்தான்.

சந்தை என்றதும் எல்லோருக்கும் உழவர் சந்தை ஞாபகம் வரும். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறந்தது. பஞ்சாபில் 1987ல் வந்த அப்னி மண்டியும், ஆந்திராவில் அதே 1999ன் தொடக்கத்தில் வந்த ரைத்து பஜாரும் அதற்கு முன்னோடிகள். உழவர் சந்தையில் எனக்குப் பிடித்தது அதன் கட்டடமோ பெயர்ப்பலகையோ இல்லை. கடைக்கு வாடகை கிடையாது, தராசு இலவசம், மூட்டையை அரசு பஸ்ஸில் கட்டணமில்லாமல் ஏற்றி வரலாம், அன்றன்றைய விலை காலையில் பலகையில் எழுதப்படும். மொத்த விலைக்கு மேலும், வெளிக்கடை சில்லறை விலைக்குக் கீழும் அந்த விலை நிற்கும். அதாவது, விவசாயி கூவி விற்கக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் சின்னச் சின்ன இடையூறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். 2001ல் ஆட்சி மாறியதும் கவனிப்பு குறைந்தது. 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. நிர்வாகம் ஒழுங்காக நடக்கும் சந்தைகளில் இன்றும் விடிகாலை ஐந்து மணிக்குக் கால் வைக்க இடமிருக்காது. நடக்காத இடங்களில் உழவர் அட்டையை வைத்துக்கொண்டு வியாபாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அது காய்கறிக்கான ஏற்பாடு. பறித்த கத்தரிக்காயை நேராகத் தட்டில் கொட்டி விற்றுவிடலாம். சாமையையும் நெல்லையும் கடலையையும் அப்படி விற்க முடியாது. ஒரு குடும்பத்தின் அன்றாடச் சாப்பாட்டுக்கு அடிப்படை தானியம், பருப்பு, எண்ணெய். அவை மூன்றும் மில்லைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போக முடியும். அந்த மில் ஊருக்கு வெளியே இருந்தால் உங்கள் பணமும் வெளியேதான் இருக்கும்.

சாமை மில் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல குழுக்கள் விழுந்த இடம் இது. மானியத்தில் ஒரு இயந்திரம் கிடைக்கிறதென்று வாங்கிப் போடுவார்கள். முதல் மூட்டையைக் கொட்டுவார்கள். அரிசி வரும், கூடவே கல்லும் வரும். பாறையிலும் தார் ரோட்டிலும் அடித்துத் தூற்றிய தானியம் அது. சாமை அளவிலேயே இருக்கும் பொடிக்கல்லைச் சல்லடையால் பிரிக்க முடியாது. எடை வித்தியாசத்தை வைத்துக் கல்லைத் தனியே தள்ளும் டீஸ்டோனர் வேண்டும். உமி நீக்கும் இயந்திரத்துக்கு முன்னால் சல்லடை, டீஸ்டோனர். பின்னால் உமியை ஊதித் தள்ளும் காற்றாடி, உரியாமல் தப்பிய மணிகளைப் பிரித்துத் திரும்ப அனுப்ப இன்னொரு சல்லடை. இந்த முழு வரிசைக்கும் இடமும் மின்சார இணைப்பும் இல்லாமல் நடுவில் இருக்கும் ஒற்றை இயந்திரத்தை மட்டும் வாங்குவது வீண். வாடிக்கையாளர் ஒருமுறை கல்லைக் கடித்துவிட்டால் அந்த வீட்டில் அடுத்த சாமை பத்து வருஷத்துக்கு இல்லை.

அடுத்தது ஈரம். சாமை சரியாகக் காயவில்லை என்றால் உமி கழன்று வராது. அளவுக்கு மீறிக் காய்ந்தால் மணி உடைந்து நொய்யாகும். பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், மாவாக நசுங்கக் கூடாது என்று மில்காரர்கள் சொல்லும் பக்குவத்தை ஈரமானியில் பார்த்தால் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கும். சுத்தமான 100 கிலோ சாமையில் 60 முதல் 65 கிலோ அரிசி வந்தால் ஓட்டம் நல்ல ஓட்டம். மீதி உமி, தவிடு, நொய். நொய்யை உப்புமாவுக்கும் மாவுக்கும் தள்ளத் தெரிந்தவருக்குத்தான் கணக்கு கட்டும்.

உள்ளூர் என்பதற்கு உணர்ச்சியைத் தாண்டி ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சாமை அதைக் காட்டுகிறது. உமியோடு இருக்கும் சாமை வருஷக்கணக்கில் கெடாது. உமியை நீக்கித் தவிட்டுப் படலத்தோடு வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், வண்டு விழும், ஏனென்றால் எண்ணெய்ச் சத்து அந்தப் படலத்தில் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அரைத்து, கோடவுனில் கிடந்து, கடை அலமாரியில் காத்திருக்க வேண்டிய அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டித்தான் ஆக வேண்டும். சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடுகிறது, பிறகு பாக்கெட்டில் மட்டும் நார்ச்சத்து என்று எழுதியிருக்கும். நீங்களோ தானியத்தை உமியோடு மூட்டையில் அடுக்கி வைத்துவிட்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை தேவைக்கு மட்டும் உரித்துக் கொடுக்கலாம். தூரத்து ஆலைக்காரர் எவ்வளவு பெரியவரானாலும் இதைச் செய்ய முடியாது. உங்கள் போட்டி பலம் இதுதான், பாக்கெட்டின் படமும் பெயரும் இல்லை.

ஆனாலும் சாமையில் தொடங்காதீர்கள். ராகியில் தொடங்குங்கள். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எல்லாம் உமி போர்த்திய தானியங்கள். அவற்றில் வரகு உரிப்பதற்கு மகா பிடிவாதம். ராகி, கம்பு, சோளம் மூன்றுக்கும் அந்தத் தொல்லை கிடையாது. கல் நீக்கி, தூசி தட்டி, கழுவிக் காயவைத்து அரைத்தால் மாவு. நல்ல சுத்திகரிப்பு வரிசை ஒன்றும் ஏற்கனவே ஊரிலிருக்கும் மாவு மில்லும் போதும். ஒரு வருஷம் ராகியில் கை பழகிய பிறகு சாமைக்குப் போகலாம்.

ராகிக்கு இன்னொரு வசதியும் உங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. 2023 மே மாதத்திலிருந்து தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு கொண்டுவந்தது; அதற்காக விவசாயிகளிடம் நேரடிக் கொள்முதலும் நடந்தது. குவிண்டாலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை 2022-23ல் 3,578 ரூபாயாக இருந்தது, 2025-26ல் 4,886 ரூபாய். கொள்முதல் நிலையம் உங்கள் ஊரில் எப்படி நடக்கிறதோ அது வேறு கதை, ஆனால் வியாபாரியோடு பேரம் பேச ஒரு தரை விலை கிடைத்துவிட்டது. உங்கள் குழு அதற்குக் கீழே வாங்கப் பார்க்காதீர்கள், வாங்கவும் முடியாது.

இப்போது ஒரு கணக்கு. நாலு பேர் உள்ள குடும்பம் வாரத்தில் ஐந்து நாள் களியோ கூழோ அடையோ சாப்பிட்டால் நாளுக்கு 400 கிராம் வீதம் வாரத்துக்கு இரண்டு கிலோ, வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு குவிண்டால். மானாவாரியில் ஏக்கருக்கு ஏழு குவிண்டால் என்று வைத்தால், ஒரு ஏக்கர் ராகிக்கு ஏழு குடும்பம் வேண்டும். ஆயிரம் குடும்பங்களைப் பிடித்தால் சுமார் 140 ஏக்கர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்து அரை கிலோ மாவும் ஒரு செல்ஃபியும் எடுத்துப் போகிறவர்களை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், எத்தனை சென்ட் தேறும் என்று தெரியும். ரேஷன் கார்டுக்கு மாதம் இரண்டு கிலோ என்றால் முப்பது கார்டுக்கு ஒரு ஏக்கர். ஆகவே தினமும் சாப்பிடுகிறவர்களைத் தேடுங்கள். அவர்கள் ஆர்கானிக் கடையில் இருக்க மாட்டார்கள்.

எங்கே இருப்பார்கள்? ரோட்டோரக் கூழ் வண்டிக்காரர் முதல் ஆள். பானைக் கூழ், மோர் மிளகாய், மாங்காய்ப் பத்தை என்று மதியத்துக்குள் விற்றுத் தீர்க்கிறவர். கோடையில் இரட்டிப்பு ஓட்டம். மாவில் கல் இருக்கக் கூடாது, விலை வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது, கடனுக்கு நாலு நாள் தவணை வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கோரிக்கை இல்லை. பிறகு கல்லூரி விடுதிகள், செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடங்களின் மெஸ், இட்லி மாவு விற்பவர்கள், அன்னதானம் நடக்கும் கோயில்கள். இருநூறு பேர் சாப்பிடும் ஒரு விடுதி மெஸ் வாரம் இரண்டு நாள் ராகியை மெனுவில் போட்டால் அது இருபது வீட்டுக்குச் சமம். ஆனால் விடுதிச் சமையல்காரரைப் போய்ப் பார்க்காமல் வார்டனிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். இருநூறு பேருக்குக் களி கிண்டுவது லேசான வேலை இல்லை. ராகி இட்லியோ புட்டோ அடையோ அவருக்குச் சுலபமாக இருக்கலாம். அவர் ஒத்துக்கொள்ளாத எதுவும் இரண்டாவது வாரம் மெனுவிலிருந்து காணாமல் போய்விடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வாய் பள்ளிக்கூடம். காமராஜர் 1956ல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர் 1982ல் விரித்த சத்துணவு, 2022ல் வந்த காலை உணவு என்று தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட வரலாறு. அரிசியும் பருப்பும் முட்டையும் பெரும்பாலும் மேலிருந்து, மொத்தக் கொள்முதலில் வருகின்றன. பக்கத்து வயலில் அவரை காய்த்துத் தொங்கினாலும் சத்துணவுக் கூடத்துக்கு அதோடு சம்பந்தமில்லை. பிரேசில் 2009ல் ஒரு சட்டம் போட்டது: பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் 30 சதவீதமாவது சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்கியே ஆக வேண்டும். சதவீதத்தைவிட முக்கியம் அதில் இருந்த இன்னொரு விதி. வழக்கமான டெண்டர் வேண்டாம், உள்ளூர்ச் சந்தை விலையை முன்கூட்டியே அறிவித்துவிட்டு விவசாயிகளை அழைத்து வாங்கலாம் என்றார்கள். டெண்டர் என்று வந்தால் முன்வைப்புத் தொகை கட்ட வசதியுள்ளவர்தான் ஜெயிப்பார். இதை நம் ஊரில் நீங்கள் ஒரு குழுவாக மாற்றிவிட முடியாது, சட்டசபையில்தான் மாற வேண்டும். உங்களால் முடிந்தது, ஒன்றிரண்டு பள்ளிகளில் காய்கறியும் கீரையும் உள்ளூரில் வாங்க சத்துணவு அமைப்பாளருக்கு இருக்கும் கொஞ்ச இடத்தைப் பயன்படுத்துவது. கேட்டுப் பாருங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்கள் வீட்டுப் பெண்கள் இருப்பார்கள்.

பணத்துக்கு வருகிறேன். மண்டிக்காரரை வில்லனாக வைத்து நோட்டீஸ் அடிக்கும் பழக்கம் நம் இயக்கங்களுக்கு உண்டு. அவர் கமிஷன் பிடிக்கிறார், எடையில் கை வைக்கிறார், உண்மைதான். ஆனால் விதைக்கும்போது முன்பணம் கொடுத்தவரும் அவர்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி போன் செய்தால் ஐயாயிரம் அனுப்புகிறவரும் அவர்தான். வயலிலேயே வண்டி ஏற்றி அன்றைக்கே கணக்கு முடிக்கிறார். உங்கள் குழு கிலோவுக்கு மூன்று ரூபாய் அதிகம் தருகிறேன், ஆனால் பணம் இருபது நாள் கழித்து என்று சொன்னால் விவசாயி யாரிடம் போவார்? நானாக இருந்தால் மண்டிக்குத்தான் போவேன்.

20 டன் ராகியை ஆதரவு விலையில் வாங்க 9 லட்சத்து 77 ஆயிரம் ரூபாய் வேண்டும், அதுவும் அறுவடையின் மூன்று நான்கு வாரத்துக்குள். இந்தப் பணம் ஒரு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும். இயந்திரத்துக்கு மானியம் தர ஆள் இருக்கிறார்கள். இந்த நடைமுறை மூலதனத்துக்குத்தான் யாரும் இல்லை. விவசாயிகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பல படுத்துவிட்டதற்கு முதல் காரணமாக நான் பார்ப்பது இதைத்தான். வழி ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை: ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கிடைக்கும் பொருளீட்டுக் கடன். விவசாயி தன் மூட்டைகளைக் கிடங்கில் வைத்து, மதிப்பில் ஒரு பெரும் பங்கைக் குறைந்த வட்டியில் உடனே வாங்கிக்கொள்கிறார். தானியம் அவர் பெயரிலேயே இருக்கிறது. நீங்கள் மாதா மாதம் தேவைக்கு எடுத்து, எடுக்கும்போது பணம் கட்டலாம். ராகியும் சாமையும் உமியோடோ தோலோடோ நீண்ட நாள் இருக்கும் சரக்கு என்பதால் இந்த ஏற்பாடு அவற்றுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். தக்காளிக்குப் பொருந்தாது. பாலக்கோடு மார்க்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத் தக்காளி விலை ஒரே வருஷத்தில் எப்படி விழுந்து எழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தொடாதீர்கள், குறைந்தது முதல் இரண்டு வருஷம்.

பணம், சேமிப்பு, சாப்பிடுபவர் மூன்றையும் ஒரே முடிச்சில் போட்டவர்கள் ஜஹீராபாத் பெண்கள். இன்றைய தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டம், வறண்ட பூமி. அங்கே பி.வி.சதீஷும் அவர் நண்பர்களும் அமைத்த டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் பெண்கள் சங்கங்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். 1983ல் என்.டி.ராமராவ் கொண்டுவந்த இரண்டு ரூபாய் அரிசி பசியைத் தணித்தது, கூடவே சோள வயல்களைத் தரிசாகவும் போட்டது. கடலோரத்து அரிசி வீட்டு வாசலுக்கு வரும்போது மேட்டு நிலத்தில் யார் சோளம் விதைப்பார்கள்? 1990களின் நடுவில் சங்கங்கள் தரிசு நிலத்தை உழுது விதைக்கச் சிறு விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தன. கடனைப் பணமாகத் திருப்ப வேண்டாம், சில வருஷங்களில் சோளமாகக் கட்டினால் போதும். அந்தச் சோளம் அதே ஊரில் சேமிக்கப்பட்டது. மழைக்காலத்தில், கையில் வேலையும் வீட்டில் தானியமும் இல்லாத மாதங்களில், ஊரின் மிக ஏழைகளுக்குக் குறைந்த விலையில் விற்றார்கள். யார் ஏழை என்பதை அதிகாரி முடிவு செய்யவில்லை. ஊரே உட்கார்ந்து, தரையில் வீடுகளைப் படமாக வரைந்து, எல்லோர் முன்னிலையிலும் தரம் பிரித்தது. பொய் சொல்ல முடியாத சபை அது. விற்ற பணம் அடுத்த சுற்றுக் கடனாயிற்று. தரிசில் உழவு நடந்ததால் கூலி வேலையும் மாட்டுக்குத் தட்டையும் கிடைத்தன.

இதை அப்படியே அரூரில் நகல் எடுக்கச் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஏற்பாடு. தமிழ்நாட்டில் இலவச அரிசி, அரிசி அட்டை உள்ள எல்லோருக்கும் கிடைக்கிறது, பசியின் கணக்கு வேறு. ஆனால் கடனைத் தானியமாக வசூலிப்பது என்ற ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விதைக்கும்போது ஏக்கருக்கு உழவுக் கூலியை நீங்கள் கொடுங்கள், அறுவடையில் ராகியாக வாங்குங்கள். மண்டிக்காரர் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். விலையை அவர் கடைசியில் சொல்வார், நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விற்கலாம், பாவமில்லை. மிச்சத்தை விற்கலாம். வெளியூர் விலையைப் பார்த்து முதல் சரக்கையே அங்கே அனுப்பத் தொடங்கினால், நாசிக் லாரிக்குப் பதிலாக உங்கள் லாரி, அவ்வளவுதான் வித்தியாசம். சாமை நகரத்தில் நாகரிகமானதும் விளைவித்த மலைக்காரர் வீட்டில் அது எட்டாக்கனியான கதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விளைவிப்பவர்களுக்கு, அவர்கள் கொடுத்த தானியத்திலிருந்து வீட்டுக்கு வேண்டியதை அரைப்புக் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு அரிசியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தை முதல் நாளிலேயே வையுங்கள். மில் அவர்களுடையது என்று அப்போதுதான் தோன்றும், அடுத்த வருஷம் மூட்டை உங்களிடம் வரும்.

பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. உற்பத்தியாளர் நிறுவனம் பத்து விவசாயிகள் இருந்தால் பதிவு செய்யலாம். 2020ல் வந்த மத்திய திட்டம், உதவி வேண்டுமானால் சமவெளியில் 300 உறுப்பினர் சேர வேண்டும் என்று கேட்டது. அந்த 300க்காக ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி, பங்குத் தொகை கட்டியதோடு முகமே காட்டாத உறுப்பினர்களை வைத்துக்கொண்டு ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுப்பதில் காலம் ஓட்டாதீர்கள். ஒரு பருவம் ஏற்கனவே இருக்கும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் பெயரில் நடத்துங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் விற்பனைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள், சிறு தயாரிப்பாளருக்கு அது எளிய நடைமுறைதான்.

மானாவாரி ராகி ஆடி, ஆவணியில் விதைத்துக் கார்த்திகை, மார்கழியில் களத்துக்கு வரும். அதற்குள் கூழ் வண்டிக்காரர்கள், மெஸ்கள் ஒவ்வொன்றாகப் போய் வாரத்துக்கு எத்தனை கிலோ, இப்போது என்ன விலை, யாரிடம் வாங்குகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டில் மாதம் ஒன்றரை டன் தேறினால் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு விலை விசாரிக்கலாம். தேறவில்லை என்றால் இந்த வருஷம் ஐந்து டன் மட்டும் வாங்கி, பக்கத்து மில்லில் கூலிக்கு அரைத்துப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கச் செயலாளரைப் பொருளீட்டுக் கடன் விஷயமாகப் புரட்டாசிக்குள் பார்த்துவிடுங்கள்; அறுவடை நேரத்தில் அவரைப் பிடிக்க முடியாது.